தாவூது பாய் கொடுத்த சம்மதம்

சேக் தாவூதின் தலை சாக்குக்குள் இருக்கிறது. கைலியும் முண்டா பனியனுமாக மீதி உடம்பு கடை வாசலில் நிற்கிறது. பழைய சாக்கில் எலி கடித்த ஓட்டை உண்டா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். தலையை உள்ளே விட்டு, வெயிலைப் பார்த்து நின்று, வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று தேடுவார். அந்த நேரமாகப் பார்த்துத்தான் ஆட்கள் கடன் கேட்க வருவார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமான விஷயம் அல்லவா?

“பாய், உளுந்து அடிச்சுப் போட்டிருக்கேன். ஒரு கட்டு சாக்கு குடுங்க. வித்ததும் பணத்தைக் கொண்டாந்து குடுத்துடறேன்” என்கிறார் நெடுமாறன். பக்கத்து ஊர் விவசாயி, பல வருஷத்து வாடிக்கை.

சாக்குக்குள்ளிருந்து பதில் வருகிறது. “இன்ஷா அல்லாஹ்.”

நெடுமாறன் மறுபேச்சுப் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுக்கிறார். இறைவன் நாடினால் ஆகட்டும் என்பது அந்தச் சொல்லின் பொருள். வலங்கைமான் கடைத்தெருவில், தாவூது பாயின் வாயிலிருந்து வரும்போது மட்டும் அதற்கு ‘நடக்காது, கிளம்பு’ என்று பொருள்.

பாய்க்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. ‘வேண்டாம்’ அதைவிடக் கஷ்டம். பிறத்தியார் மனம் நோகுமே என்று அந்த இரண்டு சொற்களையும் அவர் பேச்சிலிருந்தே தள்ளி வைத்துவிட்டார். போக விருப்பமில்லாத கல்யாணத்துக்கு அழைத்தால் இன்ஷா அல்லாஹ். சீட்டுப் பிடிக்கிறவர் வந்து உட்கார்ந்தால் இன்ஷா அல்லாஹ். விலையைக் குறைக்கச் சொன்னால் ‘அல்லாஹ்’வில் கொஞ்சம் இழுப்பு கூடும். ஒரு காரியத்தை மெய்யாகவே செய்யப் போகிறார் என்றால் வாயைத் திறக்க மாட்டார், செய்து முடித்துவிடுவார். ஐப்பசி மழையில் ஆற்றுக் கரை அரிக்கத் தொடங்கினால் மணல் மூட்டை போட இவர் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். பாய் பேசாமல் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வார். அந்தச் சாக்குகளுக்கு அவர் காசு கேட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாக்கு விற்கிற மனிதர் சாக்குச் சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். பாய் காதில் போட்டுக்கொள்வதில்லை. காலையில் கடையைத் திறந்ததும் சணல் தூசியில் அடுக்கடுக்காகத் தும்முவார். தும்மி முடித்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொன்ன பிறகுதான் எதிர்க்கடைக்காரர் டீ சொல்வார். முன்னால் சொன்னால் டீ ஆறிப்போகும். சாக்கு தைக்கும் கோணூசி எப்போதும் பனியனின் தோள்பட்டையில் செருகியிருக்கும். அதோடு ஒருமுறை கும்பகோணம் வரை பஸ்ஸில் போய்வந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் வசவு வாங்கியிருக்கிறார்.

கடன் கொடுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். இதற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அத்தா இறந்தபோது, அடக்கத்துக்கு முன் மகன் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை இவர் கேட்டார். அத்தா யாருக்காவது கடன் வைத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் தருகிறேன். எல்லா வீட்டிலும் கேட்பதுதான், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றும் தெரியும். அன்று பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. சின்னக் கடன்தான், இவர் அங்கேயே கொடுத்தும் விட்டார். ஆனாலும் அத்தாவின் முகம் மூடியிருக்கும்போது எழுந்த அந்தக் கையை அவரால் மறக்க முடியவில்லை. என் அடக்கத்தில் ஒரு கையும் எழக்கூடாது, யார் அடக்கத்திலும் என் கையும் எழக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

இந்த வருஷம் ஹஜ்ஜுக் குலுக்கலில் பாய் பெயரும் அவர் மனைவி சைத்தூன் பீவியின் பெயரும் வந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்தது ஒரே வேலை, கணக்குத் தீர்ப்பது. கடனோடு அந்தப் பயணம் போகக்கூடாது. மனத்தாங்கலோடும் போகக்கூடாது. இருவரும் வீடு வீடாகப் போய், “ஏதாவது தெரிஞ்சோ தெரியாமலோ பண்ணியிருந்தா மாப்பு பண்ணிடுங்க” என்று கேட்டுவிட்டு வந்தார்கள். வேலிச் சண்டையில் பேச்சு நின்றுபோன வீட்டுக்கும் போனார்கள். அங்கே அழுகையும் காப்பியும் நடந்தன. பால்காரருக்குப் பாக்கி இல்லை. எதிர்க்கடை டீக்குப் பாக்கி இல்லை. சைத்தூன் பீவி பருப்புப் பொடியை டப்பாவில் அடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சென்னைக்குப் போய் விமானம் ஏற வேண்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் செல்போனில் செய்தி வந்தது. பாயின் கண்ணில் சணல் தூசி. சாப்பாடு கொண்டுவந்திருந்த சைத்தூன் பீவிதான் எழுத்துக் கூட்டி வாசித்தார். “அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் கடன் வரம்பு மூன்று லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. வாழ்த்துகள்.”

“யாருக்கு வந்ததை யாருக்கு அனுப்பியிருக்கான்?” என்றார் பாய்.

“ஒங்க பேரு போட்டிருக்குங்க.”

“நான் ஒரு பைசா வாங்கலை சைத்தூன்.”

“வாங்காமத்தான் உயர்ந்துச்சா? உயர்ந்திருக்குன்னா, முன்னாடியே ஏதோ இருந்திருக்குல்ல?”

அந்தக் கேள்வியில் பாய்க்கு ஒரு பிழையும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரு அட்டை நினைவுக்கு வந்தது. ஹஜ்ஜுப் பணம் கட்ட வங்கிக்குப் போனபோது, முன்பிருந்த அதிகாரி ஒருவர் இலவசம் என்று சொல்லி ஏதோ கையெழுத்து வாங்கினார். பிறகு தபாலில் வந்தது. வந்த காகிதத்திலிருந்து பிய்க்காமல்கூட பீரோவில், பெருநாள் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, பாவம் அந்த அதிகாரி அவ்வளவு சிரித்துப் பேசினாரே.

சைத்தூன் பீவி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் பாய் திரும்பியபோது பெட்டி திறந்து கிடந்தது. பருப்புப் பொடி டப்பா அடுப்படி அலமாரிக்குத் திரும்பிப் போயிருந்தது.

“ஒங்க தலையில கடனை வச்சுக்கிட்டு நான் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்ட மாட்டேங்க. ஊர் பூரா போயி மாப்பு கேட்டுட்டு, கடைசியில கடனோட போறதா? அது தீர்ந்தா போவோம். இல்லைன்னா நம்ம நசீபு அவ்வளவுதான்.”

இத்தனை வருஷம் காத்திருந்த பெண் அவர். எந்தச் சத்தமும் இல்லாமல் அந்த டப்பாவை அலமாரியில் வைத்திருக்கிறாரே என்று பாய்க்குத் தாங்கவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினார்.

“வாங்காத கடன் கடனே இல்லை பாய். நிம்மதியாப் போயிட்டு வாங்க” என்றார் ஹஜ்ரத்.

“என் பேர்ல ஏத்தியிருக்காங்களே ஹஜ்ரத்?”

“ஏத்துனா என்ன, எறக்கச் சொல்லுங்க.”

“எறக்கணும்னா, அப்ப இருக்குன்னுதானே அர்த்தம்?”

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். “இருக்குதான். ஆனா இல்லை.” பிறகு அவரே தன் பதிலைக் கேட்டுக் குழம்பி, “எதுக்கும் பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்” என்றார். பாய் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அந்த மூன்று லட்சத்துக்கு ஏழைகளுக்கு ஜகாத்துக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். ஹஜ்ரத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் வங்கியில் நல்ல கூட்டம். நகைக் கடனுக்கு வந்தவர்கள், நூறு நாள் வேலைப் பணத்துக்கு வந்தவர்கள். அட்டை விவகாரம் பார்ப்பது ஹம்சத்வனி என்ற இளம் அதிகாரி. தஞ்சாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், பொறுமைசாலி. பாய் அட்டையை அது வந்த காகிதத்தோடு மேஜைமேல் வைத்தார்.

“இதுல உள்ள கடனைக் கட்டிடறேம்மா. எவ்வளவு, எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.”

ஹம்சத்வனி கணினியைப் பார்த்தார். “சார், நீங்க கார்டை யூஸே பண்ணலை. உங்களுக்குக் கடனே இல்லை.”

“கடன் உயர்ந்திருக்குன்னு வந்துச்சே?”

“அது கடன் இல்லை சார், லிமிட். நீங்க கடன் வாங்கினா இவ்வளவு வரைக்கும் வாங்கலாம்னு ஒரு...” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நீங்க என்ன வியாபாரம் சார்?”

“சாக்கு.”

“ஆங். வெறும் சாக்கு மாதிரின்னு வச்சுக்கோங்க. உள்ள ஒண்ணும் இல்லை. முன்னாடி சின்ன சாக்கு இருந்தது, இப்ப பெரிய சாக்காப் போட்டிருக்காங்க.”

பாயின் முகம் தெளிந்தது. அரை நிமிஷம் கூட அந்தத் தெளிவு நிற்கவில்லை. “வெறுஞ்சாக்கும் சரக்குதானேம்மா. நான் கேக்காம ஒருத்தன் என் கடையில சாக்கை எறக்கிட்டுப் போனா, அது அவன் பொருளு. என்கிட்ட அமானிதமாக் கெடக்குதுன்னு அர்த்தம். அதுக்கு நான்தானே அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும்? கேக்காம ஏன் எறக்குனாங்க?”

“கேக்காம ஏத்தக் கூடாது சார். ரூல் இருக்கு. உங்க சம்மதம் வாங்கித்தான்...” ஹம்சத்வனி திரையைக் கீழே தள்ளினார், புருவம் சுருங்கியது. “போன் வந்திருக்கு சார் உங்களுக்கு. லிமிட்டை ஏத்தட்டுமான்னு கேட்டிருக்காங்க. நீங்க ஒத்துக்கிட்டதா இங்க பதிவாகியிருக்கு.”

“நானா?”

“கஸ்டமர் ‘இன்ஷா அல்லாஹ்’னு சொன்னார், சம்மதம். அப்படின்னு போட்டிருக்கு சார்.”

பாய்க்கு நினைவு வந்துவிட்டது. சாக்குக்குள் தலை இருந்தபோது வந்த போன். ஒரு பெண் வேக வேகமாக, பாதி இங்கிலீஷில் என்னவோ கேட்டது. அரிசியா பருப்பா என்றுகூடப் புரியவில்லை. யாரோ எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அதனால் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“அது சம்மதம் இல்லம்மா” என்றார் மெதுவாக.

நகைக் கடன் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. நெடுமாறன்தான். “மேடம், பாய் இன்ஷா அல்லாஹ்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம். வலங்கைமானுக்கே தெரியுமே, ஒங்க பேங்குக்கு மட்டும் தெரியலையா?” வரிசை மொத்தமும் சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நெடுமாறன் உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஹம்சத்வனியும் சிரித்தபடி விசைப்பலகையில் கைவைத்தார். “அப்படியா சார்? அப்ப ‘இன்ஷா அல்லாஹ்’னா இல்லைன்னு அர்த்தம், கஸ்டமர் சம்மதிக்கலைன்னு கம்ப்ளைன்ட் போட்டுடட்டுமா?”

பாய் பதறிவிட்டார். “ஐயோ, அப்படி எழுதாதீங்கம்மா! அல்லாஹ் பேரைச் சொல்லி இல்லைன்னா அர்த்தம்?”

“அப்ப ஆமான்னு அர்த்தமா?”

“ஆமான்னும் இல்லை.”

“அப்ப என்னன்னுதான் சார் எழுதறது?”

இல்லை என்று பொருள் சொன்னால் ஹஜ்ஜுக்குப் போகிற மனிதர் இத்தனை காலமும் ஆண்டவன் பெயரைக் கதவடைக்கும் தாழ்ப்பாளாக வைத்திருந்தார் என்று ஆகும். ஆமாம் என்று பொருள் சொன்னால் சம்மதம் அவருடையதே, சாக்கும் அவருடையதே. நடுவில் நிற்க இடமே இல்லை. வரிசை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. தான் சொன்ன சொல்லைக் கேட்டு ஊர் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. காது மடல் சுட்டது. வெட்கம்தான், அதை வேறு என்ன பெயர் சொல்லி மறைப்பது.

ஹம்சத்வனிக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பழசை விடுங்க சார். இந்த நம்பருக்கு உங்க போன்லேருந்தே பேசுங்க. கார்டு வேண்டாம், க்ளோஸ் பண்ணுங்கன்னு சொல்லிடுங்க. அவங்க விடமாட்டாங்க, எதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நீங்க ‘வேண்டாம்’னு ஒரே வார்த்தை சொல்லுங்க. ரெக்கார்ட் ஆகும். வேற எந்த வார்த்தையும் சொல்லிடாதீங்க” என்று ஒரு சீட்டில் எண்ணை எழுதிக்கொடுத்தார்.

சைத்தூன் பீவி கடைக்கே வந்துவிட்டார். எதிர்க்கடைக்காரர் காதில் விழக்கூடாது என்று இருவரும் உள்ளே, சாக்குக் கட்டுகளுக்கு நடுவே போய் நின்றார்கள்.

“எங்க, ஒருதரம் சொல்லிக் காட்டுங்க.”

“அந்தப் பொண்ணு வேலைக்கு வந்த பொண்ணுதானே சைத்தூன். மூஞ்சியில அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படாதா?”

“எனக்குக் கஷ்டமா இருக்குங்க.”

பாய் எண்ணை அழுத்தினார். ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது, பாட்டுப் போட்டது. கடைசியில் ஒரு பெண்குரல் தமிழில் வந்தது. இனிமையான குரல். அதுதான் வினை.

“சார், உங்களை மாதிரி நல்ல கஸ்டமருக்குத்தான் இந்த லிமிட் குடுக்கறோம். வெளியூர் பயணம், ஆஸ்பத்திரிச் செலவு, எதுக்கும் உதவும். சும்மா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே சார். வச்சுக்கிறீங்களா?”

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கம்மா...” என்றார் பாய். நெற்றி வியர்த்தது. “அது வந்து... இன்ஷ...”

சைத்தூன் பீவியின் உள்ளங்கை அவர் வாயைப் பொத்தியது. நாலு பேர் நடமாடும் இடத்தில் அந்த அம்மாள் புருஷனைத் தொட்டதே கிடையாது. பொத்திய கைக்கு மேலே பாயின் கண்கள் மனைவியைப் பார்த்தன. அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

“சார்? லைன்ல இருக்கீங்களா? வச்சுக்கிறீங்களா சார்?”

பாய் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

“வேண்டாம்.”

“சார்?”

“வேண்டாம்மா. எனக்கு வேண்டாம். மூடிடுங்க.”

அந்தக் குரல் அதே இனிமையோடு, சரி சார், பதிவு செய்துகொண்டேன், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றார் பாய். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். பாய் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தார்.

“கோவிச்சுக்கலையே அந்தப் பொண்ணு?” என்றார்.

“இல்லைங்க.”

போன் மினுக்கியது. சைத்தூன் பீவி வாங்கி எழுத்துக் கூட்டினார். “தங்கள் கடன் அட்டை தொடர்பான கோரிக்கை பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.” அவர் நிமிர்ந்தார். “இன்னும் கடன்னுதானேங்க போட்டிருக்கு? பரிசீலனைன்னா என்னங்க? தீர்ந்துச்சா, தீரலையா?”

பாய் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதற்குள் திரை இருண்டுவிட்டது. எழுந்து நின்று, பனியனைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டு, அணைந்த போனை வாயருகே வைத்தார்.

“வேண்டாங்க” என்றார், கடைத்தெருவுக்கே கேட்கும்படி.